ராஜகிரிக்கு மேல் எந்த நிலா?

செஞ்சிப் பேருந்து நிலையத்தில் கால் மணி நேரம் நின்றாலே திதி தெரிந்துவிடும். அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்கப் போகிற கூட்டம். பௌர்ணமி என்றால் திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகிற கூட்டம். நிலாவை வைத்து நாள் கணக்குப் பார்க்கும் பழக்கம் இன்னும் விட்டுப்போகாத ஊர். அந்த ஊரில், சாலையோர டீக்கடை ஒன்றில் மாட்டியிருந்த ஒரு படம்தான் என்னை இதை எழுத வைத்தது.

கருப்பு வெள்ளைப் படம். இரண்டடி அகலம், கண்ணாடிச் சட்டம். ஊர்ப் பக்கமிருந்து மேற்கே பார்த்து எடுத்த, செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை. யாரோ அடுக்கி வைத்தது போன்ற பாறைகள், அவற்றை வளைத்து ஏறும் மதில், உச்சியில் கட்டடங்கள். அதற்கும் மேலே, மலையின் பாதி அகலத்துக்கு ஒரு முழு நிலா. 'பௌர்ணமி மாலையில் ராஜகிரி' என்று கீழே எழுதியிருந்தது. பாறைகளை எடுத்த கை தேர்ந்த கை. கல்லின் சொரசொரப்பு விரலில் உறைப்பதுபோல் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்த டீ மாஸ்டர், கிளாஸை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: "படம் நல்லாத்தான் இருக்கு சார். ஆனா பௌர்ணமி அன்னைக்கு சாயங்காலம் நிலா அந்தப் பக்கம் இருக்காதே. திண்டிவனம் பக்கமால்ல எழும்பும்."

அவர் சொன்னது வானியல். முழு நிலா என்பது சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும் நிலா. சூரியன் மேற்கே இறங்கும்போது அது கிழக்கே எழும். சூரியன் எழும்போது மேற்கே இறங்கும். ராஜகிரி செஞ்சி நகருக்கு மேற்கே இருக்கிறது. ஊரிலிருந்து பார்க்கிறவருக்கு அந்த மலைமேல் முழு நிலா தாழ்ந்து தெரிய வேண்டுமென்றால் அது விடியற்காலையாக இருக்க வேண்டும். அந்தப் படத்திலோ பாறைகளின் நிழல் குட்டையாக, அடர்த்தியாக விழுந்திருந்தது. வெயில் நன்றாக ஏறிய பிறகு எடுத்த படம். அந்த நேரத்தில் பௌர்ணமி நிலா அடிவானத்துக்குக் கீழே போய் வெகுநேரம் ஆகியிருக்கும். ஆக, மாலையும் பொய், நிலாவும் பொய்.

இருந்தாலும், நிலாவை ஒட்டியதே குற்றம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கருப்பு வெள்ளைப் புகைப்படத்தில் வானத்தைத் திருத்துவது நேற்று வந்த பழக்கமில்லை. ஏறக்குறைய புகைப்படக் கலை பிறந்த நாளிலிருந்தே இருப்பது. 19-ஆம் நூற்றாண்டின் ரசாயனங்கள் நீல ஒளிக்கு மட்டுமே நன்றாக இணங்கின. நிலத்துக்குச் சரியாக ஒளி கொடுத்தால் வானம் வெளுத்து வெற்றுத்தாளாகிவிடும். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1850-களில் கடலை ஒரு நெகட்டிவிலும் மேகத்தை இன்னொன்றிலும் எடுத்து ஒரே தாளில் அச்சிட்டார். நம் பக்கத்திலும் நடந்தது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1857-58-இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை என்று படமெடுத்துக்கொண்டு போனார். மெழுகு பூசிய காகித நெகட்டிவ்கள். வெளுத்த வானங்களில் அவர் தூரிகையால் சாயம் பூசி மேகங்களை உண்டாக்கினார். இன்று நாம் ஆவணமாகப் போற்றும் படங்கள் சிலவற்றில் மேலே மிதக்கும் மேகம் மனிதக் கை வரைந்தது.

பிற்பாடு சினிமாவுக்கு வந்தால், இரவே பகலில்தான் எடுக்கப்பட்டது. சிவப்பு ஃபில்டர் போட்டு நீல வானத்தைக் கறுக்க வைத்து, ஒளியைக் குறைத்து எடுத்தால் உச்சி வெயில் நிலவொளியாகிவிடும். 1957-இல் வந்த மாயாபஜார் படத்தின் படகுப் பாட்டில் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி கொண்டுவந்த நிலவை இன்றுவரை பேசுகிறோம். அதைப் பார்த்து யாரும் ஏமாந்ததாக உணரவில்லை. கதை என்று தெரிந்து போய் உட்கார்ந்து பார்த்த நிலா அது.

இன்னொரு வலுவான நியாயமும் இருக்கிறது. நிலாவின் மேல் விழுவது சூரிய ஒளி. நிலா எப்போதும் வெயிலில் கிடக்கும் ஒரு கல். அதை எடுக்க எஃப் 11, ஐஎஸ்ஓ 100 என்றால் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு போதும். அந்த நிலாவின் வெளிச்சத்தில் கிடக்கும் கோட்டையோ, வெயிலில் கிடக்கும் கோட்டையைவிடச் சுமார் 4 லட்சம் மடங்கு மங்கல். இந்த இரண்டையும் ஒரே எக்ஸ்போஷரில் அடக்க எந்த கேமராவாலும் ஆகாது. கோட்டை தெரிந்தால் நிலா வெள்ளை ஓட்டையாகும். நிலாவின் முகம் தெரிந்தால் கோட்டை கரியாகும். மனிதக் கண் மட்டும் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறது. ஒரே இடத்தில் முக்காலியை அசைக்காமல் இரண்டு எக்ஸ்போஷர் எடுத்து இணைப்பவர், அந்தக் கண்ணின் வேலையைத்தான் செய்கிறார். அதை மோசடி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆகவே சேர்க்கலாமா கூடாதா என்பதைவிட, சேர்த்த நிலா அந்த இடத்துக்குக் கட்டுப்படுகிறதா என்பதுதான் என் கேள்வி. டீக்கடைப் படத்தில் அது எந்த வகையிலும் கட்டுப்படவில்லை.

முதலில் அளவு. வானத்தில் நிலாவின் அகலம் சுமார் அரை டிகிரி. கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தால் மறைத்துவிடலாம். லென்ஸின் குவியத் தூரத்தை 110-ஆல் வகுத்தால் சென்சாரில் நிலா எத்தனை மில்லிமீட்டர் விழும் என்று தெரியும். 24 எம்எம் லென்ஸில் கால் மில்லிமீட்டர்கூட வராது; 200 எம்எம்மில் 1.8 மில்லிமீட்டர், அதாவது முழுச் சட்ட கேமராவில் பட அகலத்தில் இருபதில் ஒரு பங்கு. நிலத்தில் வைத்துச் சொன்னால் இன்னும் எளிது. 2 கிலோமீட்டர் தள்ளி நின்று ராஜகிரியைப் பார்த்தால், நிலா 18 மீட்டர் அகலமுள்ள ஒரு கட்டடத்தை மறைக்கும். கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலிலிருந்து 100 மீட்டரில் நின்றால் 90 சென்டிமீட்டரைத்தான் மறைக்கும். ஒரு ஜன்னல் அளவு. லென்ஸ் எதுவானாலும் இந்த விகிதம் மாறாது. மலையில் பாதியளவு நிலா வேண்டுமென்றால், மலை சிறுத்துப்போகும் தூரத்துக்கு நீங்கள் பின்னால் போக வேண்டும். அங்கிருந்து பாறையின் சொரசொரப்பு தெரியாது.

அடுத்தது நிலாவின் முகம். பாட்டி வடை சுடுகிறாள் என்று சொல்லி வளர்ந்த நமக்கு அந்தக் கறைகள் பழக்கம். ஆனால் அவை வானத்தில் ஒரே நிலையில் நிற்பதில்லை. செஞ்சி இருப்பது வடக்கே 12 டிகிரி அட்சரேகையில். இங்கே நிலா எழும்போது அதன் வட முனை நமக்கு இடப்பக்கம் படுத்திருக்கும். மறையும்போது வலப்பக்கம் படுத்திருக்கும். நிலாவின் தென்பகுதியில் வெள்ளைக் கதிர்கள் சிதறிய டைக்கோ என்ற பள்ளத்தை அடையாளம் வைத்துக்கொண்டால் போதும்: எழும் நிலாவில் அது வலது ஓரம், மறையும் நிலாவில் இடது ஓரம். டீக்கடைப் படத்தில் டைக்கோ நேர் கீழே இருந்தது. பாடப்புத்தக நிலா, இணையத்திலிருந்து இறக்கிய நிலா. செஞ்சியில் அடிவானத்தை ஒட்டி நிலா அப்படி நிமிர்ந்து நிற்காது.

திசையும் இப்படித்தான். இந்த ஊரில் நிலா எழும் இடமும் மறையும் இடமும் நேர் கிழக்கிலிருந்தும் நேர் மேற்கிலிருந்தும் 30 டிகிரிக்குள்தான் வடக்கே தெற்கே நகரும். சாலையில் நின்று வடக்கே தெரியும், கோட்டையின் இன்னொரு மலையான கிருஷ்ணகிரியின் தோளில் நிலாவை உட்கார வைத்த படங்களையும் பார்த்திருக்கிறேன். ஆண்டு முழுக்கக் காத்திருந்தாலும் அந்த இடத்தில் நிலா வராது.

ஆனால் கண் முதலில் சந்தேகப்படுவது இவற்றில் எதையும் அல்ல, கறுப்பைத்தான். டீக்கடைப் படத்தில் நிலாவின் கறைகள் அதைச் சுற்றியிருந்த சாம்பல் வானத்தைவிடக் கறுப்பாக இருந்தன. அது நடக்கவே முடியாத காரியம். வானத்தின் வெளிச்சம் நமக்கும் நிலாவுக்கும் நடுவே இருக்கிற காற்றிலிருந்து வருகிறது. நிலா அதற்குப் பின்னால் இருக்கிறது. அதனால் நிலாவின் எந்தப் பகுதியும் பக்கத்து வானத்தைவிட இருளாகத் தெரியாது. பகல் நிலாவைக் கவனித்துப் பாருங்கள், கறைகள் வானத்தின் நிறத்திலேயே கரைந்திருக்கும். இரவில் எடுத்த நிலாவை வெட்டி அந்தி வானத்தில் அப்படியே ஒட்டினால், துணியில் வைத்துத் தைத்த ஒட்டுபோல் துருத்துவது இதனால்தான். வண்ணப் படத்தில் நீலமும் செம்மையும் இந்தத் தப்பைக் காட்டிக்கொடுக்கும். கருப்பு வெள்ளையில் வண்ணச் சாட்சி இல்லை என்ற தைரியத்தில்தான் பலர் நிலாவை ஒட்டுகிறார்கள். வண்ணம் போய்விட்டால் பார்வைக்கு மிஞ்சுவது சாயலும் விளிம்பும் ஒளியின் திசையும்தான். அவை மூன்றும் இன்னும் கடுமையான சாட்சிகள்.

இதைச் சரியாகச் செய்ய முடியுமா என்று நானே பார்த்தேன். பௌர்ணமி மாலைக்கு ஊர்ப் பக்கம் உதவாது. மலையைத் தாண்டித் திருவண்ணாமலை திசையில் போய், திரும்பிக் கிழக்கே பார்க்க வேண்டும். இறங்கும் சூரியன் என் முதுகில், அதன் ஒளி ராஜகிரியின் மேற்கு முகத்தில். நிலா எழ வேண்டிய இடமும் நேரமும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வந்தது மேகம். 200 எம்எம் லென்ஸில் பாறைகளை மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். சுமார் 40 நிமிடம் கழித்து மேகத்துக்கு மேலே நிலா தலைகாட்டியது, அதற்குள் பத்து டிகிரி ஏறிவிட்டிருந்தது. அதே லென்ஸில் அதையும் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, அந்த நிலாவை அது 40 நிமிடம் முன்பு மேகத்துக்குப் பின்னால் இருந்த இடத்துக்கு இறக்கினேன். போட்டோஷாப்பில் லேயரை 'ஸ்கிரீன்' முறையில் வைத்தால் நிலாவின் ஒளி வானத்தின் ஒளியோடு கூடும். கறை வானத்தைவிடக் கறுக்காது. தாழ்ந்த நிலா அதிகக் காற்றைக் கடந்து வருவதால் அதன் பளிச்சைக் குறைத்தேன். விளிம்பைக் கத்தியால் வெட்டியதுபோல் விடாமல் பாறை விளிம்பின் மென்மைக்குக் கொண்டுவந்தேன். கிரெயின் எனப்படும் படத்தின் சொரசொரப்புக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. பாறைகளை ஐஎஸ்ஓ 400-இல் எடுத்திருந்தேன், நிலாவை 100-இல். நிலா வழவழவென்று வேறு உலகத்துப் பொருள்போல் மிதந்தது. கிரெயினைப் படம் முழுவதற்கும் கடைசியில் ஒரே பூச்சாகச் சேர்த்த பிறகுதான் அது வானத்துக்குள் போய் அமர்ந்தது. நிலாவைப் பெரிதாக்கவில்லை. துளிகூடத் திருப்பவில்லை. நண்பர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. படத்தின் கீழே 'நிலா 40 நிமிடம் கழித்து எடுத்துச் சேர்க்கப்பட்டது' என்று எழுதினேன்.

அப்படி எழுதிய பிறகும் அந்தப் படத்தில் ஒரு குறை எனக்குத் தெரிகிறது. அதைச் சொல்லப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸிடம் போக வேண்டும்.

உலகத்தில் மிகப் புகழ்பெற்ற கருப்பு வெள்ளை நிலா ஆடம்ஸ் நியூ மெக்சிகோவில் எடுத்த 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்'. சாலையில் காரில் போனவர் காட்சியைக் கண்டு அவசரமாக நிறுத்தி, ஒளிமானி கைக்குக் கிடைக்காததால், நிலாவின் பிரகாச அளவை நினைவிலிருந்து எடுத்துக் கணக்குப் போட்டு எக்ஸ்போஷர் கொடுத்தார். ஒரே நெகட்டிவ். ஆனால் நாம் பார்க்கும் கன்னங்கரிய வானம் இருட்டறையில் வந்தது. 1948-இல் நெகட்டிவின் முன்பகுதியை ரசாயனத்தால் அடர்த்தியாக்கினார். ஆண்டுக்கு ஆண்டு வானத்தை மேலும் மேலும் கறுக்க வைத்து அச்சிட்டார். அவ்வளவு திருத்தியும் நிலாவை மட்டும் தொடவில்லை. அதனால் பிற்காலத்தில் ஒரு விஷயம் சாத்தியமானது. எடுத்த தேதி ஆடம்ஸுக்கே நிச்சயமில்லை. வெவ்வேறு ஆண்டுகளைச் சொல்லிவந்தார். படத்தில் நிலா நிற்கும் இடத்தையும் உயரத்தையும் வைத்து டெனிஸ் டி சிக்கோ என்ற வானியல் எழுத்தாளர் 1991-இல் நேரத்தைக் கண்டுபிடித்தார்: 1941 நவம்பர் 1, மாலை 4.49. முன்பு இன்னொரு வானியலாளர் சொன்ன அக்டோபர் 31-ஐ இது திருத்தியது.

உண்மையான நிலா படத்துக்குள் இருக்கும் கடிகாரம். என் படத்தில் அந்தக் கடிகாரம் கிட்டத்தட்டத்தான் சரியாக ஓடுகிறது, நான் சொன்ன குறை அதுதான். டீக்கடைப் படத்தில் ஓடவே இல்லை. இது செஞ்சிக்கு முக்கியம் என்று நினைக்கிறேன். 1677-இல் சிவாஜி பிடித்த கோட்டை, அவர் மகன் ராஜாராம் உள்ளேயிருக்க 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகையிட்ட கோட்டை, தேசிங்கு ராஜா 1714-இல் மாண்டு கதைப்பாடலாக வாழும் கோட்டை. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற பெயரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருப்பது இது ஒன்றுதான். இந்த மலைகளை நேரில் பார்க்காதவர்கள் படத்தில்தான் பார்க்கப் போகிறார்கள். 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியோகிராபிக் இதழ் அட்டைக்கு அடங்க வேண்டும் என்பதற்காக எகிப்தின் பிரமிடுகளை நெருக்கி நகர்த்தியது. பிரமிடு ஒன்றும் கெடவில்லை, இதழின் பெயர்தான் கெட்டது. மரபிடத்தின் படத்தை மக்கள் கலையாக மட்டும் பார்ப்பதில்லை, 'அங்கே போனால் இப்படித் தெரியும்' என்ற வாக்குறுதியாகவும் பார்க்கிறார்கள். திருவண்ணாமலைக்குப் போகிற வழியில் பௌர்ணமி மாலையில் செஞ்சியில் இறங்கி, அந்த டீக்கடைப் படத்தை நம்பி மேற்கே பார்க்கிறவருக்கு வெற்று வானம்தான் கிடைக்கும்.

என் மனத்தாங்கல் இதோடு நிற்கவில்லை. செஞ்சியின் அழகு பாறையில் இருக்கிறது. சாம்பலின் அத்தனை படிகளையும் ஒரே மலையில் காட்டும் உருண்டைக் கற்கள், அவற்றுக்குள்ளே கல்லோடு கல்லாக நெளியும் மதில். கருப்பு வெள்ளைக்கென்றே அமைந்த நிலம். அதன் மேலே ஒரு வெள்ளை வட்டத்தை வைத்த கணத்தில் கண் அங்கே ஓடிவிடுகிறது, பாறை திரைச்சீலையாகிவிடுகிறது. டீக்கடைப் படத்தில் என்னை வருத்தியது இதுதான். அவ்வளவு நன்றாகப் பாறையைப் பிடித்த ஒருவர், தன் பாறையை நம்பாமல் நிலாவைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறார். நிலாவை எடுத்துவிட்டால் அது முதல்தரமான படம்.

2020-லிருந்து போட்டோஷாப்பில் வானத்தையே ஒரு சொடுக்கில் மாற்றலாம். 2023-இல் சாம்சங் செல்போன் ஒன்று மங்கலான நிலாப் படத்தைக் காட்டினால் அதில் இல்லாத பள்ளங்களைத் தானே நிரப்புகிறது என்று ஒருவர் சோதித்துக் காட்ட, உலகம் முழுக்க விவாதமானது. வட்டத்தைச் சேர்க்கும் கைத்திறன் இனி யாருக்கும் பெருமை தராது. மிஞ்சுவது அந்த டீ மாஸ்டரிடம் இருந்த அறிவு: நிலா எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த மலைக்குப் பின்னால் வரும் என்பது. அதைக் கற்றவர் சேர்க்கும் நிலாவை நான் ஏற்கிறேன், சேர்த்ததாகக் கீழே ஒரு வரி எழுதினால். கற்காமல் ஒட்டும் நிலாவை, எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும், ஏற்க மாட்டேன்.

ஊர்ப் பக்கமிருந்து பார்க்கும் ராஜகிரியின் மேல் மாலையில் உண்மையாகவே வரும் நிலா ஒன்று உண்டு. மூன்றாம் பிறை. நம் வீட்டுப் பெரியவர்கள் வாசலில் நின்று தேடிக் கும்பிடும் அதே பிறை. மாசியிலும் பங்குனியிலும் அது இந்த அட்சரேகையில் மல்லாந்த படகுபோல், கொம்பு இரண்டும் மேலே பார்க்கக் கிடக்கும். புரட்டாசியில் கொஞ்சம் சாயும். ஐரோப்பியப் படங்களில் செங்குத்தாக நிற்கும் பிறை இங்கே பொருந்தாது. அந்த ஒல்லியான கோடு பாறையிடமிருந்து எதையும் பறிக்காது. அந்தி வெளிச்சம் இன்னும் மிச்சமிருக்கும் நேரமாதலால் பாறையின் விளிம்பும் பிறையும் ஒரே எக்ஸ்போஷரில் அடங்கும், ஒட்டவே வேண்டியதில்லை.

கோட்டைக்குள் மாலைக்கு மேல் அனுமதியில்லை. நகரின் கிழக்குப் பக்கம் போய் நின்றால் போதும். பிறை இறங்கும் இடம் மாதத்துக்கு மாதம் மாறும், அதற்கேற்ப நீங்கள் நகர்ந்து நிற்க வேண்டும். முக்காலியும் ஒரு 200 எம்எம் லென்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் அந்தப் பிறை வானத்தில் இருக்கும்.